இரைச்சல் என்று நான் எழுதிய அரை வாக்கியம்

ஒரே ஒரு கையெழுத்துப் போடுவதற்காக என்னை விமானம் ஏற்றி அனுப்புவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எங்கள் முதலாளி ஆட்டோ பிடிக்கவே மூன்று முறை யோசிப்பவர். அவர் கோலாலம்பூருக்கு டிக்கெட்டை நீட்டி, "ஒரு சைன்தான் மேடம், போட்டுட்டு வந்துடுங்க" என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். சைதாப்பேட்டையில் ஒரு மாடி அறையில் எட்டுப் பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பதிவான தொலைபேசிப் பேச்சைக் கேட்டு எழுத்தில் அடிப்போம். அதற்கு முன்பு ஒரு வார இதழில் மெய்ப்புத் திருத்தினேன். ஒற்று மிகுமா மிகாதா என்று சண்டை போட்டே இருபது வருடத்தை ஓட்டியவள். நான்கு வருடமாக மலேசியாவின் ஒரு மருத்துவ உதவித் தொலைபேசிச் சேவையிலிருந்து எங்களுக்குத் தமிழ் அழைப்புகள் வருகின்றன. பெரும்பாலும் நான்தான் அடிப்பேன்.

அந்தச் சேவையில் தேவிகா என்று ஒரு பெண். ரத்த அழுத்தம் உள்ள ஒரு வயதான அம்மாளிடம், மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டாள் என்று புகார். அந்த அம்மாள் நிறுத்தியிருக்கிறார், மூன்றாம் நாள் குளியலறையில் தலைசுற்றி விழுந்திருக்கிறார். கையில் முறிவு. மகன் புகார் கொடுத்துவிட்டார். விசாரணையில் ஒரே சாட்சி, நான் அடித்த ஒரு பக்கம். "பேசியதைப் பேசியபடியே எழுதினேன்" என்று அடித்தவரே நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று இப்போது புது விதியாம். நான் கையெழுத்திட்டால் தேவிகாவுக்கு வேலை போய்விடும்.

போகட்டுமே என்றுதான் நினைத்தேன். என் அம்மாவும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறாள். தொலைபேசியில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி எந்தத் தைரியத்தில் மாத்திரையை நிறுத்தச் சொல்வாள்? விமானத்தில் கொடுத்த சாண்ட்விச்சைக்கூட அந்தக் கோபத்தோடுதான் கடித்தேன்.

திங்கட்கிழமை மதியம் பிரிக்பீல்ட்ஸில் அறைக்கு வந்து சேர்ந்தேன். விசாரணை புதன்கிழமை, ஷா ஆலமில். பெட்டியை வைத்துவிட்டு நேரே வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனேன். கடையில் பாட்டு, பூக்கடை, ஊதுபத்தி வாசனை எல்லாம் நம் ஊர் மாதிரியே இருந்தது. பேச்சு மட்டும் வேறாக இருந்தது. பரிமாறிய தம்பி ரசத்தை ஊற்றிவிட்டு, "அக்கா, இங்கயே மாக்கானா, இல்ல தாபாவ் பண்ணவா?" என்றான்.

"என்ன பண்ணப் போற?"

"பொட்டலம் கட்டவான்னு கேட்டேன்."

"எந்த ஊரு நீ?"

"பரமக்குடிப் பக்கம். வந்து ரெண்டு வருஷம் ஆவுது."

ரெண்டே வருஷத்தில் பரமக்குடித் தமிழைத் தொலைத்துவிட்டானே என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. இலையில் சாப்பிடுகிறவளிடம் இங்கேயா பொட்டலமா என்று கேட்கிறானே, அது வேறு. "பொட்டலம்னு ஒரு நல்ல வார்த்தை இருக்கே, அதுக்கு என்ன கேடு?" என்றேன். அவன் அசரவில்லை. "உள்ள போய் பொட்டலம்னா சமையக்காரருக்குப் புரியாதுக்கா. தாபாவ்னாதான் கட்டுவாரு. நான் ஊருக்குப் போன் பண்ணா பொட்டலம்னுதான் சொல்றேன்" என்று அப்பளத்தை இலையில் வைத்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் தேநீர்க் கடையிலும் அதே கதைதான். சர்க்கரை குறைவாகக் கேட்டேன். கல்லாவில் இருந்த பெண்மணி உள்ளே பார்த்து "தே ஒண்ணு, கூராங் மானிஸ்!" என்று கத்தினார். அடுத்த மேசையில் இரண்டு இளைஞர்கள் ஒரே மூச்சில் மூன்று மொழி பேசினார்கள். சாம்பாரையும் பாயசத்தையும் ஒரே கரண்டியால் பரிமாறினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. இப்படி வாய்க்கு வந்ததைப் பேசுகிற ஊரில்தான் தேவிகாக்கள் முளைப்பார்கள் என்று அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "தேநீர் எப்படி இருந்துது?" என்று கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இல்லை. கிள்ளானில் இருக்கும் தன் சம்பந்திக்குக் கொடுக்கச் சொல்லி, பக்கத்து வீட்டு அம்மாள் இரண்டு கிலோ கூழ்வடாம் கொடுத்து அனுப்பியிருந்தார். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அதைப் பிசைந்து பார்த்ததில் பாதி நொறுங்கியிருந்தது. மீதியையாவது சேர்த்துவிடலாம் என்று ரயில் ஏறினேன். நடுவில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி இருந்தது. உட்கார இடமும் கிடைத்தது. நம் ஊர் மின்சார ரயிலில் கொத்துமல்லிக் கூடைக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒற்றைக்காலில் நின்று பழகியவளுக்கு இது சொர்க்கம். குளிர் மட்டும் எலும்பைத் தொட்டது. கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்தபோது சுங்கை பூலோ. கிள்ளான் எதிர்ப்பக்கமாம். தடம் மாறி ஏறியிருக்கிறேன்.

வடாம் பையோடு நடைமேடையில் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தபோதுதான் விமலா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு பொட்டலம். "எங்கக்கா போவணும்? கிள்ளானா? ஐயோ, கிள்ளான் அந்தப் பக்கம் லா. வாங்க, நானும் அங்கதான் போறேன்" என்று என் பையை வாங்கிக்கொண்டு படியேறினார்.

கிள்ளானில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். சொந்த வேன். "வேன் இங்க மச்சான் பெங்கேல்ல கெடக்கு. நாளைக்கித்தான் சியாப் ஆவுமாம்" என்றார். பெங்கேல் என்றால் பட்டறை, சியாப் என்றால் தயார். கேட்டுத் தெரிந்துகொண்டேன். பொட்டலத்தைப் பிரித்து, இலையில் இருந்த தேங்காய்ப்பால் சோற்றையும் நெத்திலியையும் பாதி எனக்குத் தள்ளினார். ரயிலில் சாப்பிடக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்ததால் ரயில் வரும்வரை நடைமேடையிலேயே சாப்பிட்டு முடித்தோம்.

வண்டியில் ஏறியதும் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. வெளியே வானம் இருட்டிக்கொண்டிருந்தது. "ஆமா லா. கலாவ் ஹூஜான், பிள்ளைங்கள உள்ளயே நிக்கச் சொல்லு. நான் வேற வேன் அனுப்புறேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

கலாவ். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நான்கு வருடமாக என் ஹெட்போனில் ஓயாமல் கேட்டிருக்கிறேன்.

"விமலா, கலாவ்னா என்ன?"

"கலாவ்னா... எப்படிச் சொல்றது... மழை பேஞ்சான்னு சொல்றோம்ல, அந்த மாதிரி. கலாவ் ஹூஜான், மழை பேஞ்சா."

நான்கு வருடமாக அதை வெறும் சத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனாலும் மெய்ப்புத் திருத்துபவளின் புத்தி போகவில்லை. சோதித்துப் பார்த்தேன். "அப்ப நான் 'ஹூஜான் கலாவ், வரமாட்டேன்'னு சொல்லலாமா?" என்றேன். நாம் 'மழை வந்தால்' என்று கடைசியில்தானே நிபந்தனையை வைப்போம்.

விமலா சத்தமாகச் சிரித்ததில் எதிரே இருந்த பெண் பாதித் தூக்கத்திலிருந்து விழித்தாள். "அப்படி யாருக்கா பேசுவா?"

"சரி, 'கலாவ் மழை பேஞ்சா'?"

"கலாவும் போட்டு பேஞ்சாவும் போடுவீங்களா? ஒண்ணு போதும் லா! மலாயில ஆரம்பிச்சா அந்த முழுசும் மலாயில முடிச்சிருங்க. அப்புறம் தமிழுக்கு வாங்க."

"இதுக்கெல்லாம் விதி இருக்கா? யாரு சொல்லிக் குடுத்தா?"

"விதியெல்லாம் யாருக்குத் தெரியும்? தப்பாப் பேசுனா காதுல உறுத்தும், அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு கிள்ளான் வரைக்கும் நான் வடாம் பையை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் பேசுகிற ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டு வந்தேன். பாசாருக்கு என்றால் சந்தைக்கு, கம்பத்துல என்றால் கிராமத்தில், அப்புறம் அந்தப் பெங்கேல்ல. பெயர் எந்த மொழியாக இருந்தாலும் உருபு தமிழ்தான். ஒருவர்கூட உருபைக் கடன் வாங்கவில்லை. வினைச்சொல் கடனாக வந்தால் பின்னாலேயே ஒரு 'பண்ணு' வந்து தாங்கிக்கொண்டது. துணிக்கடைக்காரர் நூல் ஓடும் இடம் பார்த்துக் கிழிப்பதுபோல, மொழியும் இடம் பார்த்தே மாறியது. வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள் என்று நேற்று அம்மாவிடம் சொன்னேனே, வாய்க்கு வந்ததைச் சொன்னது நான்தான்.

கிள்ளானில் சம்பந்தி வீட்டில் வடாம் கொடுத்தேன். நொறுங்கியதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, அது அவர்கள் பெருந்தன்மை. தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் போட்டு இடியாப்பம் கொடுத்தார்கள். என்ன சாப்பிட்டேன் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், எப்படி இருந்தது என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்காது. என் மனசு முழுக்கப் பையில் இருந்த அந்த ஒரு பக்கத்தில் இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதித்தாள் உண்டு. தமிழ் வந்தால் அடி, ஆங்கிலம் வந்தால் அடி. வேறு எது வந்தாலும் 'பின்னணி இரைச்சல்' என்று குறி. இறுதிப் பிரதியில் இரைச்சல் குறிகளை நீக்கி, வாக்கியங்களைச் சேர்த்து, பேச்சு வழக்கைச் சீராக்கிக் கொடுக்க வேண்டும். நாய் குரைப்பு, மிக்ஸி சத்தம், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எல்லாவற்றோடும் சேர்த்து மலாயும் அந்தக் கணக்கில் போய்விட்டது. மலேசிய வேலை வந்தபோது ஒருவருக்கும் அதை மாற்றத் தோன்றவில்லை. யாரைக் குறை சொல்ல? அந்த விதித்தாளை எழுதியவள் நானேதான்.

அறைக்குத் திரும்பி அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். "மாத்திரையை நிறுத்துங்கள், ஆன்ட்டி." அழகான வாக்கியம். 'நிப்பாட்டுங்க' என்பதைக்கூட 'நிறுத்துங்கள்' ஆக்கியிருக்கிறேன். அந்த வாக்கியத்துக்கு முன்னால் ஏதாவது இருந்ததா? ஞாபகம் இல்லை. ஒரு நாளைக்கு அறுபது அழைப்பு அடிக்கிறவளுக்கு எதுதான் ஞாபகம் இருக்கும்?

முதலாளிக்குப் போன் போட்டு ஒலிப்பதிவை அனுப்பச் சொன்னேன். "கிளையன்ட் பர்மிஷன் இல்லாம ஆடியோ வெளிய போகக் கூடாது மேடம். நாளைக்கி சைன் போட்டுட்டு ஃப்ளைட் ஏறுங்க. போற இடத்துல புதுசா ஒண்ணும் கெளப்பாதீங்க" என்றார். கெளப்பாதீங்க! ஒரு பெண்ணுக்கு வேலை போகப்போகிறது, எனக்கு இவர் பயணக் குறிப்பு சொல்கிறார்.

புதன்கிழமை ஷா ஆலம். கார் ஓட்டியவர் வழியெல்லாம் தொழிற்சாலைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

விசாரணை அறை ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது. நடுவில் மனிதவள அதிகாரி, தலையில் இளநீல முக்காடு அணிந்த மலாய்ப் பெண்மணி. தமிழ் தெரியாது. என் தமிழை யாரோ ஆங்கிலமாக்க, அந்த ஆங்கிலத்தைத்தான் படித்திருக்கிறார். பக்கத்தில் தமிழ்ப் பிரிவின் மேலாளர் ராஜன். கோயம்புத்தூர்க்காரர், ஐந்து வருட விசாவில் இருப்பவர். எதிரே தேவிகா. முப்பது வயது இருக்கும். தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"நான் டாக்டர் சொன்னாத்தான்னு சொன்னேன் சார். இத்தன வாட்டி சொல்லிட்டேன்" என்றாள்.

"எழுத்துல அப்படி இல்லையே தேவிகா. தமிழ தமிழாப் பேசுங்கன்னு எத்தன மீட்டிங்ல சொல்லியிருக்கேன்?" என்றார் ராஜன். பிறகு என் பக்கம் திரும்பி, "மேடமோட டிரான்ஸ்கிரிப்ட் மாதிரி ஒரு வாட்டியாவது பேசியிருக்கீங்களா? அதப் பார்த்துக் கத்துக்கணும்" என்றார்.

என் உடம்பெல்லாம் கூசியது. ஒரு தாளை என் முன்னால் நகர்த்தினார்கள். பேசியதைப் பேசியபடியே. கீழே என் பெயர், ஒரு கோடு.

"ஒலிப்பதிவப் போடுங்க" என்றேன்.

"எதுக்கு மேடம்? டைம் இல்ல. நீங்க அடிச்சதுதானே?"

"நான் அடிச்சதுனாலதான் கேக்கறேன். போடலன்னா கையெழுத்து கிடையாது. கையெழுத்து இல்லன்னா உங்க காகிதத்துல வடை மடிச்சுக் குடுக்கலாம், வேற எதுக்கும் ஆகாது."

அதிகாரி என்னவென்று கேட்டார். ராஜன் ஆங்கிலத்தில் ஏதோ மழுப்பினார். நான் என் சைதாப்பேட்டை ஆங்கிலத்தில், உடைசலாக இருந்தாலும் உரக்கச் சொன்னேன்: நான் எழுதியதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, கேட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். அவர் போடச் சொன்னார்.

கணினியிலிருந்து அந்த வயதான அம்மாளின் குரல் வந்தது. தலை கிர்ரென்று இருக்கிறது, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடட்டுமா என்று பாதி மலாயும் பாதி தமிழுமாகக் கேட்டார். அதிகாரி ஆர்வமில்லாமல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு தேவிகாவின் குரல், பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாக:

"கலாவ் டோக்டர் சுருஹ், மாத்திரைய நிப்பாட்டுங்க ஆன்ட்டி."

பேனா நின்றது. அதிகாரி தலையைத் தூக்கினார். "திரும்பப் போடுங்கள்."

திரும்பப் போட்டார்கள்.

"இது மலாய்" என்றார் அவர் ஆங்கிலத்தில். "டாக்டர் செய்யச் சொன்னால், என்கிறாள். எனக்கு முழுசாகப் புரிகிறது. பின்னால் வருவது மட்டும்தான் புரியவில்லை. இந்தத் தாளில் அந்த முன்பாதி எங்கே?"

அந்த அறையில் தமிழ் தெரியாத ஒரே ஆள் அவர். தமிழ் படித்துப் பட்டம் வாங்கிய நான் தவறவிட்டதை அவர் ஒரே முறை கேட்டுப் பிடித்துவிட்டார். ஆறு வாரமாக விசாரணை நடக்கிறது. தமிழ் அழைப்புதானே, கேட்டு என்ன ஆகப்போகிறது என்று அந்தப் பதிவை அவருக்கு ஒருவரும் போட்டே காட்டவில்லை.

"நான் நீக்கிட்டேன்" என்றேன். "இரைச்சல்னு குறிச்சு நீக்கிட்டேன்."

'டாக்டர்' என்ற சொல்கூடவா என் காதில் விழவில்லை? விழுந்திருக்கும். முன்னும் பின்னும் புரியாததால் அதையும் சேர்த்துக் கழித்திருக்கிறேன். எனக்குப் புரியாதது இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள மனசில்லாமல், அங்கே ஒன்றுமே இல்லை என்று எழுதிவிட்டேன்.

"இரைச்சல்" என்று அதிகாரி மெதுவாகச் சொன்னார். "என் மொழியா?"

இருபத்துநான்கு வருடத் தொழிலில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ராஜன், இருந்தாலும் கலந்து பேசியது தேவிகாவின் தவறுதானே என்று ஆரம்பித்தார். எனக்கு அடக்கிவைத்தது எல்லாம் அவர்மேல் பாய்ந்தது. "அந்தம்மா ரெண்டு மொழியிலயும் கேட்டாங்க, இந்தப் பொண்ணு ரெண்டு மொழியிலயும் சரியாச் சொன்னா. ஒரு எழுத்து தப்பில்ல. தப்பு நான் செஞ்சேன், கேக்காம விட்டது நீங்க. அவள எதுக்குச் சார் பேசறீங்க?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. எதிர் அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

கோட்டின்மேல் கையெழுத்துப் போடாமல், தாளின் குறுக்கே "இது பேசியபடி எழுதியது அல்ல" என்று எழுதி அதன் கீழ் கையெழுத்துப் போட்டேன். தேவிகாவின் மீதான குற்றச்சாட்டு அன்றைக்கே கைவிடப்பட்டது.

வெளியே தாழ்வாரத்தில் அவள் நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். நினைத்ததற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. அவள் போத்தலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நாலு வருஷமா என் குரல் உங்க காதுலயா இருந்துச்சு?"

"ஆமா."

"மாலதி குரலும்? ஜோசப் அண்ணன் குரலும்?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "ரெண்டு பேரும் போயிட்டாங்க. ஜோசப் அண்ணன் மூணு வருஷம் முன்ன, மாலதி அதுக்கு அடுத்த வருஷம். தப்பாச் சொல்லிட்டீங்கன்னு பேப்பர் காட்டித்தான் அனுப்புனாங்க. நாங்க அப்படிச் சொல்லலன்னுதான் அவங்களும் சொன்னாங்க. அழுதாங்க. நான்கூட நம்பல, அக்கா. அவ்வளவு நீட்டா டைப் பண்ணியிருந்துச்சு."

அன்று இரவே விமானம். இந்த முறை சாண்ட்விச்சைத் தொடவில்லை.

சென்னையில் முதல் வேலையாக விதித்தாளைக் கிழித்தேன். முதலாளி கத்தினார், நானும் கத்தினேன். பிறகு அந்த இரண்டு பேருடைய அழைப்புகளையும் தேடச் சொன்னேன். ஒலிப்பதிவை ஒரு வருடம்தான் வைத்திருப்போம், இரண்டும் அழிந்துவிட்டன என்றார்கள். ஷா ஆலம் அதிகாரிக்கு நடந்ததை எழுதினேன். பதிவு இருந்தால் அனுப்புங்கள், மறுபடி விசாரிக்கிறேன் என்று மறுநாளே பதில் வந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. எதை அனுப்புவது?

"ஆடியோதான் இல்ல மேடம், உங்க டிரான்ஸ்கிரிப்ட் பத்திரமா இருக்கு" என்று முதலாளி ஆறுதலாகச் சொன்னார்.

இருந்தது. ஜோசப் நான்கு பக்கம், மாலதி இரண்டு பக்கம். ஓர் இடைவெளி இல்லை, ஒரு குறி இல்லை, எங்கே எதை வெட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. எங்காவது ஒரு வாக்கியம் நொண்டினால் அந்த இடத்தைப் பிடித்துவிடலாம் என்று சாயங்காலம் வரை திருப்பித் திருப்பிப் படித்தேன். ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை.